கையில் எத்தனை மாதம் இருக்கிறது? வேலை போனவர் சிறுதொழில் தொடங்கும் முன் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னை வேலையை விட்டு அனுப்பிய கூட்டம் பதினொரு நிமிடம் நடந்தது. பதினான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். எதிரே உட்கார்ந்திருந்தவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை. அவர் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒன்பது நாளும் வழக்கம்போலக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஏதாவது ஒரு நூலகம், பூங்கா. சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு ஆறரைக்குத் திரும்புவேன். பத்தாம் நாள் மனைவிதான் கேட்டாள்: "ஒரு வாரமா சட்டைப் பையில பேனாவே இல்லையே, என்னாச்சு?"

இரண்டாவது மாதம் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். அச்சு, நகல் எடுக்கும் கடை ஒன்று போடலாம் என்று ஓர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பெயர்ப்பலகைக்கு வடிவமைப்பு கூட வந்துவிட்டது. அந்தத் தொழிலில் எனக்கு ஆசையும் இல்லை, அனுபவமும் இல்லை. "சும்மாதான் இருக்கான்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் புத்தி தெளிந்து பின்வாங்கினேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், இடத்துக்காரரைக் குறை சொல்ல வழியில்லை.

இப்போது ஆறு வருடமாகச் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேலை போனவர்கள் செட்டில்மெண்ட் பணத்தோடு யோசனை கேட்டு வருவதுண்டு. கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. எத்தனை மாதம் இருக்கிறது என்றுதான் கேட்பேன். சம்பளம் நின்றுபோனவர் கையில் இருக்கும் பணத்தைத் தொழிலுக்கான முதல் என்று பார்க்கத் தொடங்கினால் கை நீளும். அவகாசம் என்று பார்த்தால் கை சுருங்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அவகாசத்தை அளப்பது, நீட்டுவது, அதில் எவ்வளவைத் தொழிலுக்கு விடலாம் என்று முடிவு செய்வது பற்றித்தான்.

படி 1: முதல் வாரம், கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள்

எந்தத் தாளை நீட்டினாலும் நகல் வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, படித்துவிட்டுப் போடுங்கள். "ராஜினாமான்னு எழுதிக் கொடுத்துடுங்க, உங்க பேருக்கும் நல்லது" என்பார்கள். வேலையின்மை உதவித்தொகை தரும் பல நாடுகளில், தானாக விலகியவருக்கு அது கிடைக்காது, அல்லது தாமதமாகக் கிடைக்கும். இழப்பீடு கேட்கும் உரிமையும் பல இடங்களில் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தே நிற்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் காலச் சம்பளம், பணிக்கொடை, சேமநிதியை எடுக்கும் அல்லது மாற்றும் வழி, அனுபவச் சான்றிதழ், வரி பிடித்த சான்று. இவை எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத வாக்குறுதியை வரவில் சேர்க்காதீர்கள்.

பலர் மறந்துபோவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடோ அந்த மாதத்தோடோ முடிந்துவிடும். தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருந்தால் அதற்கும் ஒரு கெடு இருக்கும். கெடுவை முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள்.

பழைய நியமன உத்தரவை எடுத்து இன்னொரு விஷயமும் பாருங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை இத்தனை மாதம் அணுகக் கூடாது, போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா? இருந்தால் பின்னால் தொழில் யோசிக்கும்போது அது தேவைப்படும். அலுவலகக் கணினியில் இருக்கும் சொந்தப் படங்கள், சான்றிதழ்கள் போன்றவற்றை மட்டும் எடுங்கள். நிறுவனத்தின் கோப்பு ஒன்றைக்கூடத் தொட வேண்டாம்.

பிறகு வீட்டில் சொல்லுங்கள், முடிந்தால் அன்றைக்கே. என் ஒன்பது நாள் நாடகத்தில் ஒரு பைசா மிச்சமாகவில்லை. ஒன்பது நாள் செலவு பழைய வேகத்தில் ஓடியதுதான் மிச்சம்.

படி 2: மனசுக்கு ஒரு கால அட்டவணை

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அவசரமாகத் தொடங்கி மூடிய தொழில்களில் பல இங்கேதான் கோணிப்போயின என்பது என் அனுபவம்.

வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்தை அளக்க ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967-ல் ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. திருமணத்துக்கு 50 என்பதை வைத்துப் பார்த்தால் எடை புரியும். "இதுக்குப் போயி இப்படி உட்கார்ந்துட்டியே" என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

அதற்கும் முன்னால், 1930-களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே போய் மாதக்கணக்கில் கவனித்தார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுவே நடுவே நின்றார்கள். வீட்டு வேலை ஓயாததால் பெண்களின் நடை அந்த அளவுக்குத் தளரவில்லை. யஹோடா பிற்காலத்தில் இதை விளக்கினார்: வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், எல்லாரோடும் சேர்ந்து ஒரு நோக்கம், ஓர் அடையாளம், கைக்கு ஒரு வேலை ஆகியவற்றையும் தருகிறது. சம்பளம் நின்றது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது, மற்றவை சத்தமில்லாமல் போய்விடுகின்றன.

ஆகவே எழும் நேரத்தை மாற்றாதீர்கள். காலையில் மூன்று மணி நேரம் வேலை தேடல், கணக்கு, கடிதம். மதியம் உடம்புக்கு ஒரு வேலை. வாரத்தில் இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள், உதவி கேட்க அல்ல, சும்மா பேச. "இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: "ஆட்குறைப்புல வந்துட்டேன், அடுத்தது என்னன்னு ஆறு மாசம் எடுத்துப் பார்க்கிறேன்." சொல்லிப் பழகிய பிறகு நாக்கு தடுமாறவில்லை.

எழுதுவதும் உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை இழந்த நிபுணர்களில் ஒரு பிரிவினர் வேலை போனதைப் பற்றித் தங்கள் மனதில் இருந்ததைத் தொடர்ந்து சில நாள் எழுதினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது. அதிக இடங்களுக்கு விண்ணப்பித்ததால் அல்ல. உள்ளே கொதிப்பது காகிதத்தில் இறங்கிவிட்டால் நேர்முகத் தேர்வில் அது முகத்தில் தெரியாமல் போகும் என்பதுதான் விளக்கம். தினம் இருபது நிமிடம், ஐந்து நாள். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி கூடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவ உதவியை நாடுங்கள். மீதிப் படிகள் எங்கேயும் ஓடிவிடாது.

படி 3: மாதங்களை எண்ணுதல்

ஒரு நோட்டு, கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், கால்குலேட்டர். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் உட்காருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்து: 'க' என்றால் கட்டாயம், 'கு' என்றால் குறைக்கலாம், 'நி' என்றால் நிறுத்தலாம். வாடகை, தவணை, மருந்து, படிப்பு, காப்பீடு எல்லாம் 'க'. வருடத்துக்கு ஒருமுறை வரும் கட்டணங்களைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். இதைச் சேர்க்காமல் போடும் கணக்கு நான்காவது மாதம் பொய்த்துவிடும்.

உங்கள் மாதச் செலவை 100 என்று வையுங்கள். கையில் உடனே எடுக்கக்கூடிய பணம் 900. வேறு வருமானம் இல்லையென்றால் ஒன்பது மாதம். வீட்டில் இன்னொருவர் சம்பளமாக 30 வந்தால் மாதத் துண்டு 70. கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம். செலவை 80-க்கு இறக்கினால் துண்டு 50, பதினெட்டு மாதம். பாருங்கள், செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. இந்த விகிதத்தில் லாபம் தரும் தொழிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

900-ல் எதைச் சேர்க்கலாம்? வங்கியில் இருப்பது, எழுத்தில் தேதியோடு வரவேண்டியது. ஓய்வுக்காலச் சேமிப்பு, நகை, "அவன் தரவேண்டியது" இவற்றைச் சேர்க்காதீர்கள். கிரெடிட் கார்டு வரம்பு பணமே அல்ல.

தவணை கட்டச் சிரமம் வரும் என்று தெரிந்தால், தவறும் முன்பே கடன் கொடுத்தவரிடம் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது போன்ற பேச்சு, தவறாத கணக்கு வைத்திருப்பவரிடம்தான் சுலபமாக நடக்கும். இரண்டு தவணை தவறிய பிறகு போனால் வேறு மேசைக்கு அனுப்புவார்கள்.

கடைசியாக ஒரு மதில் எழுப்புங்கள். எண்ணிய மாதங்களில் கடைசி நான்கு மாதங்களைத் தொழிலுக்குத் தொடவே கூடாது. அது அடுத்த வேலை தேடுவதற்கான காலம். முடிந்தால் வேறு வங்கியில், வேறொருவர் பெயரையும் சேர்த்து, எடுக்கச் சிரமமான கணக்கில் போட்டுவிடுங்கள்.

படி 4: வேலை தேடலை நிறுத்த வேண்டாம்

"இனி யாருக்கும் கைகட்டி வேலை பார்க்க மாட்டேன்" என்று சபதம் போட்டவர்கள் இந்தப் படியைக் கசப்பாகப் படிப்பீர்கள். இருந்தாலும் படியுங்கள்.

ஜோசப் ரஃபி, ஜீ ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள், வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களையும், வேலையை விட்டுவிட்டு நேரடியாகக் குதித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில், முதல் வகையினர் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே. மாதம் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தால் தவறுகளைச் சின்னதாகச் செய்யலாம். வேண்டாத வாடிக்கையாளருக்கு இல்லை என்று சொல்லலாம்.

வேலை இழந்தவருக்கு அந்த வசதி இல்லையே என்று கேட்கலாம். பகுதிநேர வேலை, ஒப்பந்த வேலை, வாரம் மூன்று நாள் பழைய துறையிலேயே உதவியாளராக என்று எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சம்பளத்தில் பாதி வந்தால்கூட மேலே சொன்ன துண்டு 50 என்பது பூஜ்யத்துக்கு வந்துவிடலாம். நான் பதினொரு மாதம் ஒரு கிடங்கில் வாரம் நான்கு நாள் சரக்கு எண்ணினேன். பழைய பதவிக்கு அது பத்துப் படி கீழே. முதல் நாள் கூச்சம் பிடுங்கித் தின்றது, மூன்றாம் வாரம் பழகிவிட்டது.

விண்ணப்பத்தில் இடைவெளி நீள நீள அழைப்பு குறையும் என்பதும் உண்மை. ஒப்பந்த வேலை அந்த இடைவெளியையும் அடைக்கும்.

படி 5: என்ன தொழில்?

முதலில் ஒரு சோதனை. பழைய நிறுவனமே நாளைக்குக் கூப்பிட்டுப் பழைய சம்பளத்தைக் கொடுத்தால் போவீர்களா? "உடனே" என்று மனம் சொன்னால், உங்களுக்குத் தேவை வேலை. ஆறு மாதத்தை அதில் செலவழியுங்கள். "போவேன், ஆனால் அந்தத் தொழிலையும் ஓரமாகச் செய்துகொண்டே" என்றால் மேலே படியுங்கள்.

யோசனைக்கு வெளியே தேட வேண்டாம். இத்தனை வருடத்தில் எந்த வேலைக்கு ஆட்கள் உங்களைத் தேடி வந்து, இலவசமாகச் செய்து வாங்கிப் போயிருக்கிறார்கள்? யாருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள், யாருடைய கணினியைச் சரிசெய்தீர்கள், யார் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? இலவசமாகக் கேட்டவர் காசு கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேவை இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

பொருளா சேவையா என்றால், வேலை இழந்தவருக்கு நான் சேவையைத்தான் சொல்வேன். சரக்கு வாங்கி அடுக்கினால் உங்கள் மாதங்கள் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விற்காத சரக்கு விலை இறங்கும், கெட்டுப்போகும், வாடகை தின்னும். தையல், பழுதுபார்ப்பு, மொழிபெயர்ப்பு, கணக்கு, பயிற்சி போன்றவற்றில் முதலில் செலவாவது உங்கள் நேரம். பொருள்தான் விற்கப் போகிறேன் என்றால் ஆர்டர் வந்த பிறகு வாங்கி அல்லது செய்து கொடுக்கும் முறையில் தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் கையில் மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது என்ற வாசனை எப்படியோ பரவும். "இவ்வளவு கட்டுங்க, மாசாமாசம் இவ்வளவு நிச்சயம்" என்று ஒருவர் வருவார். நிச்சய வருமானம் என்ற சொல் வந்ததுமே எழுந்துவிடுங்கள். கிளை உரிமை (பிரான்சைஸ்) எடுப்பதானால், நன்றாக ஓடும் கிளைகளின் பட்டியலை அவர்களே தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூடிய கிளைக்காரர்களின் தொலைபேசி எண். தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

படி 6: முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுக்கட்டும்

சொந்தக்காரரும் நண்பரும் "அருமையான யோசனை" என்பார்கள். அது உங்கள் மேலுள்ள பாசம், அதற்குத் தொழிலோடு சம்பந்தமில்லை. "இப்படி ஒன்று தொடங்கினால் வாங்குவீர்களா?" என்ற கேள்வியையே கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக இந்தச் சிக்கல் எப்போது வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது, எது எரிச்சலாக இருந்தது? இருபது பேரிடம் கேட்டால் ஒரு வடிவம் தெரியும். "வந்துச்சு, ஆனா ஒண்ணும் செய்யல" என்று பெரும்பாலோர் சொன்னால், அது அவர்களுக்குக் காசு கொடுக்கும் அளவுக்கு வலிக்காத சிக்கல்.

என் பட்டியலில் பதின்மூன்றாவது ஆள் ஒரு தச்சுப் பட்டறைக்காரர். வரி கட்டும் மாதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய பெயின்ட் வாளியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். வாளி நிறைய ரசீதுகள்; மரத்தூள் படிந்து, சிலவற்றில் பசை ஒட்டி, ஒன்றின் பின்புறம் ஒரு கதவின் அளவு பென்சிலில் குறித்திருந்தது.

"போன வருஷம் மூணு ஞாயித்துக்கிழமை இதோட போச்சு சார். அபராதம் வேற."

"நான் பார்த்துத் தரட்டுமா?"

"என்ன கேப்பீங்க?"

ஒரு தொகை சொன்னேன். அவர் பாதி சொன்னார். முக்கால்வாசிக்கு முடிந்தது; வாளியோடு வெளியே வந்தேன். பெயர்ப்பலகை இல்லை, இடமில்லை, விசிட்டிங் கார்டு இல்லை. அந்தக் கடைக்குக் கொடுத்து இழந்த அட்வான்ஸ் சொல்லித் தராததை இந்த வாளி சொல்லித் தந்தது.

இந்தப் படிக்கு அளவுகோல்: உறவோ நட்போ இல்லாத மூன்று பேர், முழு விலையோ முன்பணமோ கொடுத்திருக்க வேண்டும். அதுவரை இடம், இயந்திரம், பலகை எதற்கும் செலவு வேண்டாம்.

படி 7: விலையும் கணக்கும்

சேவைத் தொழிலில் விலை வைக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு, பழைய சம்பளத்தை வேலை நேரத்தால் வகுப்பது. மாதம் 160 மணி நேரம் உழைத்தாலும் பில் போடக்கூடியது ஆரம்பத்தில் 80 மணி நேரம்கூட வராது. மீதி அலைச்சல், பேரம், வசூல், கணக்கு. விடுப்பு, காப்பீடு, கருவி எல்லாம் இனி உங்கள் தலையில். பழைய மணிக்கூலியின் இரண்டு மடங்குக்குக் கீழே விலை வைத்தால் பழைய சம்பளத்தை எட்டவே முடியாது.

பொருள் விற்பவர் போட வேண்டிய கணக்கு இது. விற்கும் விலை 100, அதைச் செய்ய நேரடியாகச் செலவாவது 60, நிற்பது 40. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் ஆகும் செலவு 2,000 என்றால், 50 விற்றால் கைக்கடி இல்லை. ஆனால் இதில் உங்கள் சம்பளம் இல்லை! வீட்டுக்கு மாதம் 4,000 வேண்டும் என்று சேருங்கள். 150 விற்க வேண்டும். இருபத்தைந்து வேலை நாளுக்கு, நாளுக்கு ஆறு. இப்போது கேளுங்கள்: நாளுக்கு ஆறு பேர் வருவார்களா, ஆறைச் செய்ய எனக்குக் கை இருக்கிறதா?

"பத்து சதவீதம்தானே, தள்ளுபடி கொடுத்துடலாம்" என்று தோன்றும். விலை 90 ஆனால் நிற்பது 30. அதே 6,000-ஐ எட்ட 200 விற்க வேண்டும். பத்து சதவீதத் தள்ளுபடிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. விலையைக் குறைப்பதைவிட ஏதாவது சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் மலிவு.

லாபம் இருந்தும் மூடும் தொழில்கள் உண்டு. முதல் தேதி மூலப்பொருளுக்குக் காசு கொடுக்கிறீர்கள், இருபதாம் தேதி வேலை முடிகிறது, வாடிக்கையாளர் அறுபது நாள் கழித்துத் தருகிறார். தாளில் லாபம், கையில் துடைத்த தட்டு. ஆர்டர் கூடக் கூட இந்தப் பள்ளமும் ஆழமாகும். பாதி முன்பணம் என்ற விதியை முதல் வாடிக்கையாளரிடமே தொடங்குங்கள். பிறகு கொண்டுவருவது கடினம். கடன் கொடுக்கும் பழக்கம் உள்ள தொழில் என்றால் யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு பக்கம் எழுதி, வாரம் ஒரு நாளை வசூலுக்கென்றே ஒதுக்குங்கள்.

படி 8: எவ்வளவு போனால் தாங்கும்?

எவ்வளவு வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது; எவ்வளவு போனால் தாங்கும் என்பதை உங்களால் சொல்ல முடியும். அனுபவமுள்ள தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-ல் எழுதிய சரஸ் சரஸ்வதி, அவர்கள் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குவதைக் கண்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான்.

பதினெட்டு மாதத்தில் நான்கு மதிலுக்குள். மீதி பதினாலில் தொழிலுக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு மாதச் செலவுக்குச் சமமான தொகை. முழுவதும் கரைந்தாலும் வீடு ஆடாது. அந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். தொழில் வரவும் செலவும் அதிலேயே நடக்கட்டும். வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றைக்கே பிரித்து ஒதுக்குங்கள். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தனிநபர் தொழிலில், தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்; ஆபத்து அதிகமுள்ள தொழில் என்றால் பொறுப்பு வரம்புள்ள நிறுவனமாகப் பதிவு செய்வதைப் பற்றிக் கணக்கரிடம் கேளுங்கள்.

பதிவு, உரிமம், வரி எண் ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்திலும் வரி அலுவலகத்திலும் கேட்டால் அரை நாள் வேலை. கூட்டாளி உண்டென்றால் யார் எவ்வளவு போட்டார்கள், யார் என்ன வேலை செய்வார்கள், ஒருவர் விலகினால் எப்படிப் பிரிப்பது என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ள எதுக்கு எழுத்து" என்று சொல்பவரோடு கூட்டு வேண்டாம்.

படி 9: நிறுத்தும் கோட்டை முன்பே போடுங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் பல வருடக் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மறைகிறது. ஐந்து வருடம் தாண்டி நிற்பது பாதிதான். மூடுவது அபூர்வமான விபத்து அல்ல, வழக்கமாக நடப்பது. அதற்கு முன்கூட்டியே தயாராக இருந்தால் சேதம் குறையும்.

தொடங்கும் நாளே மூன்று தேதிகளை எழுதுங்கள்: 90-ஆம் நாள், 180-ஆம் நாள், 270-ஆம் நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணக்கூடிய ஒன்றை எழுதுங்கள். "நன்றாகப் போக வேண்டும்" என்பது செல்லாது. என் தாளில் இருந்தவை: காசு கொடுத்த புதியவர் மூன்று, இரண்டாம் முறை வந்தவர் நான்கு, மாத வரவு வீட்டுச் செலவில் பாதி. கீழே, மூன்றாவது தேதியில் எண் தவறினால் அல்லது ஒதுக்கிய தொகை தீர்ந்தால் நிறுத்துவது என்று ஒரு வரி. மனைவியும் நானும் கையெழுத்துப் போட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். 180-ஆம் நாளில் நான்கு வரவில்லை, மூன்றுதான். நான் ஐந்து காரணம் அடுக்கினேன். அவள் தாளைப் பார்த்து, "அடுத்த தேதி வரைக்கும் பத்துப் பைசா கூடுதலா போடக் கூடாது" என்றாள். போடவில்லை. அந்த மூன்று மாதம் புதிய கணினி வாங்கும் திட்டம் தள்ளிப்போனது, வேறொன்றும் கெட்டுப்போகவில்லை.

எண்களைத் தவிர இரண்டைக் கவனியுங்கள். வரவில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், உங்களுக்கு இன்னும் ஒரு முதலாளி இருக்கிறார் என்று அர்த்தம், அவரும் ஒரு நாள் பதினொரு நிமிடக் கூட்டம் போடலாம். பணம் எப்போதும் தாமதமாகத் தருபவர் யார் என்பதும் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அவரை விட்டுவிடுங்கள், போன பிறகு நேரம் மிச்சமாவது தெரியும்.

நிறுத்த வேண்டி வந்தால் முறையாக நிறுத்துங்கள். முதலில் புதிய ஆர்டர் வாங்குவதை நிறுத்தி, கையில் இருப்பதை முடித்துக் கொடுங்கள். வரவேண்டிய பாக்கியை மூடப் போகும் செய்தி பரவும் முன் வசூலியுங்கள். பிறகு கேட்டால் பாதிப் பேர் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியதை முதலில் தீருங்கள், வேலை தேடும்போது உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பதிவையும் வரி எண்ணையும் ரத்து செய்ததற்கான எழுத்தை வாங்கி வையுங்கள். ரத்து செய்யாமல் விட்ட பதிவுக்கு அபராதம் ஏறிக்கொண்டே போய், இரண்டு வருடம் கழித்து நோட்டீஸோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பிறகு விண்ணப்பத்தில் அந்த மாதங்களுக்கு எதிரே தொழிலின் பெயர், எத்தனை வாடிக்கையாளர், என்ன வேலை, எவ்வளவு வசூல் என்று நேராக எழுதுங்கள். மதிலுக்குப் பின்னால் நான்கு மாதம் அப்படியே இருக்கும்.